மாலை போடாத படம்

உரும்பிராயில் அந்த வீட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு நாங்கள் உள்ளே போனபோது நல்ல வெயில். பேய்க்கதை சொல்லுகிறவர்கள் இருட்டில்தான் தொடங்குவார்கள். எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. எல்லாமே பகல் வெளிச்சத்தில், பக்கத்துத் தோட்டத்தில் வாழைக்கு இறைக்கிற பம்பின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தொடங்கியது.

என் பெயர் நிவேதனா. மருதனார்மடத்தில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். மணப்பெண் அலங்காரம் என்றால் சுற்றுவட்டாரத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வருகிற தாய்மார் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்லுவார்கள்: "பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ." வெள்ளையாக்கி வெள்ளையாக்கி எனக்கே அலுத்துப்போயிருந்தது. அதனால்தான் கொழும்புச் சஞ்சிகை ஒன்று வைத்த போட்டியைக் கண்டதும் பிடித்துக்கொண்டேன். ஓர் ஓவியத்தையோ பழைய புகைப்படத்தையோ எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு மணப்பெண்ணை உருவாக்கிப் படம் பிடித்து அனுப்பவேண்டும்.

படம் பார்ப்பது என் பைத்தியம். பார்லரின் பின்னறைச் சுவர் முழுக்க ஒட்டிவைத்திருக்கிறேன். முத்துத் தோட்டோடு திரும்பிப் பார்க்கிற ஐரோப்பியப் பெண்கள், பட்டுக்குள் சாய்ந்திருக்கிற அரசிகள், வெளிநாட்டு ஃபேஷன் சஞ்சிகைகளில் வந்த, சிரிப்பையே அறியாத மெலிந்த பெட்டைகள். முகத்தை நான் ஒருநாளும் பிரதி எடுப்பதில்லை. துணி எங்கே மடிகிறது, கன்னத்தில் நிழல் எங்கே தொடங்குகிறது, சிவப்புக்குப் பக்கத்தில் வரைந்த ஆள் என்ன நிறத்தை வைத்திருக்கிறான், இவற்றைத்தான் பார்ப்பேன். பார்ப்பதற்கு எனக்கென்று ஒரு வழியும் உண்டு. படத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டுவிட்டுச் சுற்றி நடப்பேன். தலைகீழாகப் பார்க்கும்போது முகம் மறைந்து நிறமும் நிழலும் மட்டும் நிற்கும்.

"அக்கா படத்துக்கு வீதிவலம் வாறா," என்று தங்கச்சி கீர்த்திகா நக்கலடிப்பாள்.

அப்பாவும் அம்மாவும் போனபின் எனக்கு அவள், அவளுக்கு நான். அவளுடைய வாய் ஓயவே ஓயாது. குளிக்கும்போது கதைப்பாள், சாப்பிடும்போது கதைப்பாள், நித்திரையிலும் ஏதாவது முணுமுணுப்பாள். எங்கள் வீட்டில் றேடியோ வாங்கியதே இல்லை. கனடாவில் மாப்பிள்ளை சரிவந்து, கலியாணப் பதிவு எழுத்தும் முடிந்து, விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவன் தொலைபேசியில் அழைத்தால் அந்தப் பக்கத்திலிருந்து "ம்", "ம்" என்பது மட்டும்தான் கேட்கும். போட்டிக்கு மணப்பெண் வேடம் போட வேறு யாரையும் நான் யோசிக்கவில்லை.

படம் எடுக்க ஒரு பழைய கல்வீடு வேண்டியிருந்தது. கமலாவதி அன்ரியின் வீட்டை யாரோ சொல்லித்தான் போனோம். எழுபதைத் தாண்டிய மனுசி, தனியாக இருந்தார், கூனாமல் நிமிர்ந்து நடந்தார். நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னோம்.

"எடுங்கோ பிள்ளையள். இந்த வீட்டுக்கும் ஆரும் வந்து கனநாள். நானும் தனிய..."

நடுவில் நிறுத்திவிட்டார். பலாலியில் இறங்கப்போகிற விமானம் ஒன்று வீட்டுக்கு மேலால் தாழப் பறந்து போனது. சத்தம் முழுதாக அடங்கும்வரை அன்ரி உதட்டை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"...தனிய இருந்து அலுத்துப்போனன்."

விமானச் சத்தத்தில் கத்திக் கதைப்பதில் என்ன பயன் என்று நிறுத்துகிறார் என நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

நடுக்கூடத்தில் ஒரு சுவரில் செத்தவர்களின் படங்கள் இருந்தன. கணவர், மாமனார், மாமியார். மூன்றுக்கும் சந்தனப் பொட்டு, பிளாஸ்டிக் மாலை, கீழே சின்னச் சிவப்பு பல்பு. எதிர்ச் சுவரில் தனியாக ஒரு படம். அதற்குப் பொட்டும் இல்லை, மாலையும் இல்லை.

எங்கள் ஊரில் படத்தில் இருப்பவர் இருக்கிறாரா போய்விட்டாரா என்று வாயைத் திறந்து கேட்கத் தேவையில்லை. மாலை சொல்லிவிடும். மாலை இல்லையென்றால் ஆள் இருக்கிறார், அநேகமாக வெளிநாட்டில்.

அது கறுப்பு வெள்ளைப் படத்துக்குமேல் கையால் நிறம் தீட்டியது. பதினெட்டு வயது மதிக்கத்தக்க மணப்பெண், நெஞ்சுவரைக்கும். கூறைச்சேலையின் சிவப்பு மங்கியிருந்தாலும் சரிகை அப்படியே இருந்தது. கழுத்தில் அட்டியல் இருந்தது, தாலிக்கொடி இல்லை. தாலி கட்ட முன்னம் எடுத்த படம் என்று எண்ணிக்கொண்டேன். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, நடுவில் புல்லாக்கு. முகத்தில் நான் எந்தச் சஞ்சிகையிலும் காணாத ஓர் அமைதி. கண்கள் மட்டும் மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவாக, பெரிதாக, தூரிகையால் எழுதியவை போல இருந்தன.

என்னைக் கட்டிப்போட்டது பூ. உச்சியிலிருந்து இரண்டு காதுக்கும் முன்னால் இறங்கி, நாடிக்குக் கீழே முகத்தைச் சுற்றி ஓடியது ஒரு மல்லிகைச் சரம். முகம் பூவுக்குள் வைத்ததுபோல இருந்தது. எத்தனையோ ஓவியம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு தலையலங்காரத்தைக் கண்டதில்லை.

"அன்ரி, உது ஆர்?"

"என்ரை மகள். உதயகலா."

"வெளியிலையோ?"

அன்ரி படத்தைப் பார்த்துக்கொண்டே, "தூரத்திலை," என்றார். "கனகாலம்."

"கனடாவோ அன்ரி? நானும் அங்கைதான் போப்போறன். அட்ரஸ் தாங்கோ, போய்ப் பாக்கிறன். அவவுக்குப் பிள்ளையள் எத்தினை?" கீர்த்திகா தொடங்கிவிட்டாள்.

அன்ரி அவளுடைய கன்னத்தைத் தொட்டார். "நல்லாக் கதைக்கிறாய் பிள்ளை. கதை, கதை. வீட்டிலை ஒரு குமர்ப்பிள்ளையின்ரை சத்தம் கேக்கவேணும்."

அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றாமலே தொலைபேசியில் படம்பிடித்து, பெரிதாக அச்செடுத்து, பார்லர் தரையில் போட்டேன். முதலில் சுவரில் ஒட்டித்தான் பார்த்தேன். ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. தோட்டின் தொங்கல் கீழே தொங்காமல் காதுக்குப் பின்னால் போயிருந்தது. அட்டியலின் பதக்கம் நெஞ்சில் இல்லாமல் கழுத்தின் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. நிற்கிற பெண்ணுக்கும் இருக்கிற பெண்ணுக்கும் நகை அப்படி விழாது.

தரையில் போட்டு மேலேயிருந்து பார்த்தேன். எல்லாம் சரியாக விழுந்திருந்தது.

படுத்திருக்கிறாள்!

எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல இருந்தது. ஃபேஷன் படப்பிடிப்பாளர்கள் பெண்களைப் புல்லிலும் கட்டிலிலும் படுக்கவைத்து மேலேயிருந்து எடுப்பார்கள், சேலையும் முடியும் நாலு பக்கமும் விரிந்து கிடக்கும். அந்தக் காலத்திலேயே உரும்பிராயில் ஒரு ஸ்ரூடியோக்காரன் இப்படி எடுத்திருக்கிறானே என்று கீர்த்திகாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். உதட்டோரத்தில் அவன் வைத்திருந்த ஊதா கலந்த சாம்பல் நிறத்தை எடுக்க எனக்கு இரண்டு பின்னேரம் பிடித்தது. அந்த நிறத்தை நான் என் கையால் கலந்தேன். இன்றைக்கும் அந்தக் குப்பியைத் திறக்க மனம் வருவதில்லை.

படம் எடுக்கிற நாளில் கஜீவனும் வந்தான். மயிலிட்டிப் பெடியன். கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எதையும் விடாமல் எடுப்பவன். கூடத்துக்குள் வந்தவன் அந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றான்.

"அக்கா, உந்தப் படம்..."

"படுத்திருக்கிறா. எனக்குத் தெரியும். அதுதான் விசேஷமே."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அன்ரி தேத்தண்ணித் தட்டோடு வந்ததும் கமராவைத் துடைக்கத் தொடங்கினான். அவனை அப்போதே சொல்ல விட்டிருக்கலாம்.

கட்டிலைக் கூடத்தின் நடுவில் போட்டோம். நான் தலைமாட்டை வாசல் பக்கம் வைக்கப்போனேன்.

"தலையைத் தெற்கை வையுங்கோ பிள்ளை," என்றார் அன்ரி. "யன்னல் வெளிச்சம் முகத்திலை விழும்."

உண்மைதான். தெற்கே வைத்ததும் வெளிச்சம் அளவெடுத்ததுபோல நெற்றியில் விழுந்தது. வடக்கே தலை வைக்கக்கூடாது என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள், தெற்கைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. கஜீவன் மட்டும் கட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எனக்கு உந்தப் படுக்கை பிடிக்கேல்லை, அக்கா."

"நீ கலியாணவீட்டுப் படம் எடுத்தே பழகிட்டாய்," என்றேன். நாக்கு எனக்கும் கொஞ்சம் நீளம்தான்.

கீர்த்திகாவுக்குக் கூறை உடுத்தி, கன்னத்தில் நிழல் வைத்து, உதட்டோரத்தில் அந்தச் சாம்பலைத் தொட்டேன். அவள் கண்ணாடியில் பார்த்து, "ஐயோ அக்கா, கனடாக்காரன் கண்டால் எழுத்தையே கான்சல் பண்ணிப்போடுவான்," என்று சிரித்தாள். மூக்குத்திகளையும் புல்லாக்கையும் போட்டுவிட்டுப் படுக்கவைத்தேன். பூச்சரத்தை அன்ரி தானே கட்டி வைத்திருந்தார். வளவில் நின்ற மல்லிகையில் மொட்டு ஒன்றும் மிச்சமில்லை. நூலில் அல்ல, வாழைநாரில் தொடுத்திருந்தார். நான் அதை முடியில் ஊசியால் குத்தப் போனேன்.

"ஊசி வேண்டாம். கட்டவேணும்."

"உங்களுக்குத் தெரியுமோ அன்ரி?"

"ஒருக்காக் கட்டினனான்."

அன்ரி தலைமாட்டில் இருந்து சரத்தை நாடிக்குக் கீழே கொடுத்து இழுத்தார்.

"அன்ரி, இறுக்காதேங்கோ, பிறகு நான் எப்பிடிக் கதைக்கிறது? அக்காவுக்குத்தான் நல்ல சந்தோ..."

உச்சியில் முடிச்சு விழுந்தது.

கீர்த்திகா நிறுத்திவிட்டாள்.

கஜீவன் கதிரையில் ஏறி நின்று எடுக்கத் தொடங்கினான். நான் சுற்றி நடந்து சேலையைச் சரிசெய்தேன். வடிவென்றால் அப்படி ஒரு வடிவு. சுவரில் இருந்த படம் கீழே இறங்கிக் கட்டிலில் கிடந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பம்ப் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

"கீர்த்தி, கண்ணைத் திற," என்றான் கஜீவன்.

"திறந்துதானே இருக்கிறாள்," என்றேன்.

அவன் கமராவிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். திறந்துதான் இருந்தாள். திரும்பவும் எடுத்தான். பிறகு கதிரையிலிருந்து இறங்கி, கமராவின் திரையை என்னிடம் காட்டினான்.

மூடிய கண்கள்.

அடுத்த படம். மூடிய கண்கள். அதற்கு முந்தியதும் அதற்கும் முந்தியதும் அப்படித்தான். இமைக்கும்போது படத்தில் பிடிபட்ட கண்கள் அல்ல அவை. யாரோ விரலால் தடவி மூடிவிட்ட கண்கள்.

திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். என் தங்கச்சி விரியத் திறந்த கண்ணோடு முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அக்கா," என்றான் கஜீவன், குரலே இல்லாமல். "செத்தவீட்டிலை உப்பிடித்தான் கிடத்துறது. தெற்கை தலை வைச்சு. உது பூமாலை இல்லை, அக்கா. வாய் திறக்காமல் நாடியைச் சேத்துக் கட்டுற கட்டு. அதை மறைக்கத்தான் பூ."

அப்போதுதான் மணம் வந்தது. முதலில் மல்லிகை என்று நினைத்தேன். அது ஓடிக்கொலோன். செத்தவீட்டில் பிரேதத்துக்குத் தெளிக்கிற அதே மணம். அதற்கு அடியில் ஈரச் செம்மண், ஆழத்திலிருந்து வெட்டி எடுத்த மண்ணின் மணம்.

"கீர்த்தி, எழும்பு. போதும்."

அவள் அசையவில்லை.

கால்மாட்டுக்கு ஓடினேன். அவளுடைய இரண்டு பெருவிரலும் ஒன்றோடு ஒன்று ஒட்டி நின்றன. கட்டு எதுவும் இல்லை. பிரித்துப் பார்த்தேன், பிரியவில்லை.

மூக்கைப் பார்த்தேன். மூக்குத்திகளுக்குள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பஞ்சு.

நான் வைக்கவில்லை.

அவளுடைய கண் மட்டும் உருண்டு என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை கீர்த்திகாவுடையதுதான். வாய்க்குள்ளே ஒரு சத்தம் முட்டி முட்டி நின்றது. நெஞ்சு மேலே எழும்ப எத்தனித்து எழும்ப முடியாமல் துடித்தது. அவளுக்கு மூச்சு இல்லை.

பூச்சரத்தைப் பிடித்து இழுத்தேன். வாழைநார் என் விரலை அறுத்தது. கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். சேலைத் துணியை வெண்ணெய்போல வெட்டுகிற கத்தரி, அந்த நாரில் வழுக்கி வழுக்கிப் போனது. கஜீவன் முடிச்சைப் பல்லால் இழுத்தான். அது இன்னும் இறுகியது.

"அன்ரி! அவிழுங்கோ! நீங்கள் கட்டின முடிச்சு!"

அன்ரி தலைமாட்டில் இருந்து அவளுடைய நெற்றியை வருடிக்கொண்டிருந்தார். அவருக்கு நாங்கள் யாரும் தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் பாக்கட்டும் பிள்ளை. கண் திறந்து கிடக்கிறாள், பார். ஸ்ரூடியோவிலை நான்தான் கெஞ்சினனான், கண்ணைத் திறந்து கீறித் தாங்கோ எண்டு. இப்ப அவளே திறந்திருக்கிறாள்."

"அன்ரி, இது என்ரை தங்கச்சி!"

"குண்டு போடுற பொம்மர் வந்து சுத்தினது," என்றார் அன்ரி, மெல்லிய குரலில், யாரோ மேலேயிருந்து கேட்டுவிடுவார்கள் என்பதுபோல. "பங்கருக்குள்ளை ஓடினம். அவள்தான் கடைசியா வந்தவள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். நான்தான் சொன்னன், வாயைப் பொத்து, சத்தம் போடாதை எண்டு. பிள்ளை கையாலை பொத்திக்கொண்டு இருந்தாள். விடியும்வரை பொத்திக்கொண்டே இருந்தாள். வெளிச்சம் வரத்தான் பாத்தன். முதுகிலை குண்டுத் துண்டு பட்டிருந்தது."

கீர்த்திகாவின் கண்ணில் நீர் நிரம்பிக் காதோரம் வழிந்தது.

"கலியாணம் காணாத பிள்ளை எண்டு கூறை உடுத்தி, பூ வைச்சு அனுப்பினம். பொம்பிளையள் நாங்கள் சுடலைக்குப் போறேல்லைத்தானே. தீ வைக்க முன்னம் கட்டுகளை அவிழ்க்கவேணும். பொம்மர் திரும்பி வந்தது எண்டு அவிழ்க்காமலே கொளுத்திப்போட்டு ஓடி வந்திட்டினம். என்ரை பிள்ளை வாய் கட்டினபடிதான் போனவள்." அன்ரி குனிந்து அவளுடைய முகத்தோடு முகம் வைத்தார். "அவிழ்த்தால் போயிடுவாள். திரும்பப் போயிடுவாள்."

கத்திப் பயனில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து அவருடைய கையைப் பிடித்தேன்.

"அன்ரி, எனக்கு வேறை ஒருத்தரும் இல்லை. அவள் என்ன சொல்ல வந்தவள் எண்டு நீங்கள் இன்னும் கேக்கேல்லை. கேளுங்கோ."

அன்ரி என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார்.

வெள்ளை விரிப்பில், கீர்த்திகாவின் முதுகுக்குக் கீழே இருந்து, சிவப்பாக ஒன்று பரவிக்கொண்டு வந்தது. மெல்ல, அவசரம் இல்லாமல். பங்கர் இருட்டில் ஒரு தாய் காணாமல் விட்டது.

அன்ரியின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் எழுதமாட்டேன். விரல்கள் மட்டும் முடிச்சைத் தேடிப் போயின. நாங்கள் இரண்டு பேரும் அத்தனை பாடுபட்டும் அசையாத முடிச்சு, அவர் தொட்டதும் தானாக விட்டது. மல்லிகை அவருடைய மடியில் விழுந்தது.

"பொம்மர் போயிட்டுது பிள்ளை," என்றார். "இனிக் கதைக்கலாம். சத்தம் போட்டுக் கதை. அம்மா கேக்கிறன்."

கீர்த்திகாவின் வாய் திறந்தது.

அவளுடைய குரல் எனக்கு என் குரலைவிட நன்றாகத் தெரியும். அது அவளுடைய குரல் இல்லை.

"அம்மா, நோகுது."

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைத்தான் அந்தப் பெண் இத்தனை வருஷமும் வாய்க்குள் வைத்திருந்தாள்.

"ஓம் ராசாத்தி. ஓம். நோகும்தானே. ஓம்," என்று சொல்லிக்கொண்டே அன்ரி அவளை அள்ளி நெஞ்சோடு அணைத்து ஆட்டினார். கஜீவன் சுவரோடு சாய்ந்து விம்மி அழுதான். நானும் அழுதேன். பயத்தில் இல்லை. அந்த நேரத்தில் எனக்குப் பயம் இருந்த இடமே தெரியவில்லை.

பிறகு கீர்த்திகா பெரிதாக மூச்சிழுத்து, இருமி, எழுந்து இருந்தாள். "தண்ணி தாங்கோ," என்றாள். அது அவளுடைய குரல். பாய்ந்துபோய் முதுகைப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. விரிப்பும் வெள்ளையாகவே கிடந்தது. நான் உடுத்திவிட்ட கூறையின் சிவப்பைத்தான் கண்டோம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

அன்ரி மடியில் கிடந்த பூச்சரத்தை எடுத்துக்கொண்டு எழும்பினார். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, உதயகலாவின் படத்துக்கு அதை மாலையாகப் போட்டார். பொட்டும் வைத்தார்.

"மாலை போட்டால் செத்துப்போனாள் எண்டு ஆகிடும் எண்டு இவ்வளவு நாளும் போடேல்லை," என்றார். "இருந்தவளை நான்தான் போகவிடாமல் வைச்சிருந்தனான்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பலாலியிலிருந்து கிளம்பிய விமானம் மேலால் போனது. அன்ரி நிறுத்தவில்லை. அந்த இரைச்சலுக்கு மேலாக, மகள் படிப்பில் எப்படி, கோபம் வந்தால் எப்படி என்று கதைத்துக்கொண்டே போனார். இனி இந்த மனுசிக்கு நிம்மதி என்று எண்ணிக்கொண்டேன். கீர்த்திகா தண்ணீர் குடித்த வாயைக் கையால் துடைத்துக்கொண்டு நின்றாள். துடைக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

கஜீவன் அன்றைக்கே எல்லாப் படங்களையும் அழித்துவிட்டான். போட்டிக்கு நான் ஒன்றும் அனுப்பவில்லை. பின்னறைச் சுவரில் படங்கள் இன்னும் இருக்கின்றன. எதையும் தரையில் போட்டுப் பார்ப்பதில்லை.

மாரிமழை தொடங்க முன்னம் அன்ரி நித்திரையிலேயே போய்விட்டார். பிரேதத்துக்கு ஒப்பனை செய்தது எனக்கு அதுதான் முதல் தடவை. நாடியைச் சேர்த்துக் கட்டும்போது, சுண்டினால் அவிழ்கிற முடிச்சாகப் போட்டேன். சுடலைக்குப் போன கஜீவனிடம் அதை மட்டும் பார்த்து அவிழ்க்கச் சொன்னேன். "அவிழ்த்தாச்சு அக்கா," என்று அவன் அங்கிருந்தே அழைத்துச் சொன்ன பிறகுதான் தலையில் தண்ணீர் வார்த்தேன். தாயும் மகளும் சேர்ந்திருப்பார்கள் என்று நம்பத்தான் எனக்கும் ஆசை.

ஒருநாள் மருதனார்மடச் சந்தையிலிருந்து மரக்கறி விற்கிற நல்லம்மாக்கா அழைத்தார்.

"உன்ரை தங்கச்சி இஞ்சை வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறாள் பிள்ளை. கத்தரிக்காய் விலை கேட்டவள், பிளேன் ஒண்டு போச்சு, அப்பிடியே நிக்கிறாள். கூப்பிட்டால் திரும்பிறாளில்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

நான் ஓடிப்போனபோதும் அவள் அப்படியே நின்றாள். உள்ளங்கை வாயை அழுத்தி மூடியிருந்தது. கண்கள் பெரிதாக, தெளிவாக, தூரிகையால் எழுதியவைபோலத் திறந்திருந்தன. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், தோளைப் பிடித்து உலுக்கினேன், சந்தை நடுவில் நின்று அழுதேன். பிறகு ஏனோ அவளுடைய காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"போயிட்டுது பிள்ளை. இனிக் கதைக்கலாம்."

கை இறங்கியது. "என்னக்கா, ஏன் அழுறாய்? கத்தரிக்காய் விலையைக் கேட்டியே?" என்று தொடங்கிவிட்டாள். நின்றது எதுவும் அவளுக்குத் தெரியாது. நாடிக்குக் கீழே வாழைநார் அகலத்தில் ஒரு வெளிர்க்கோடு இருப்பதும் தெரியாது. நான் தினமும் அவளுக்கு அதைப் பவுடரால் மறைத்துவிடுகிறேன்.

இப்போதெல்லாம் விமானம் போனால் நான் எங்கே இருந்தாலும் ஓடிவந்து சொல்லுகிறேன். சொன்னால்தான் கையை எடுக்கிறாள்.

விசா வந்துவிட்டது. மாப்பிள்ளை டிக்கற் போட்டு அனுப்பியிருக்கிறான். நேற்று அவள் பெட்டிக்குள் கூறைச்சேலையை மடித்து வைத்துக்கொண்டு, கனடாவில் பனி எப்படி இருக்குமாம் என்று கதைத்துக்கொண்டே இருந்தாள். நான் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் அவளுக்கு மேலால் போகும்போதே இந்தப் பாடு. அவள் அதற்குள் ஏறி இருக்கப்போகிறாள். அந்தச் சத்தம் ஓயாது, நானும் பக்கத்தில் இல்லை. போயிட்டுது பிள்ளை என்று யார் சொல்லப்போகிறார்கள்?

பக்கத்து இருக்கையில் இருப்பவர், வாயைப் பொத்திக்கொண்டு பேசாமல் வருகிற அமைதியான பிள்ளை என்றுதான் நினைப்பார். அவளுக்கு எங்கேயாவது நொந்தால்கூட, அவள் சொல்லமாட்டாள்.